மின்சார சூப்பர்சார்ஜரை வீட்ல செய்ய முடியுமா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம், எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர், அதாவது மோட்டார் வெச்சு இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி தள்ளி பவரை ஏத்தற சாமான். அதுவும் பெங்களூர்ல இருந்துதான் நிறைய. அதனால மைலேஜ், டயர், இன்சூரன்ஸ் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: என்கிட்ட ஒரு பழைய சான் ஸ்டார்ம் ரெண்டு சீட்டர் இருக்கு. பாக்கறதுக்கு ஸ்போர்ட்ஸ் கார், ஆனா ஹெப்பால் ஃபிளைஓவர் ஏறும்போது பின்னாடி வர்ற டாக்ஸிக்காரன் ஹார்ன் அடிக்கறான். ஆன்லைன்ல 12 வோல்ட்ல ஓடற "எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்" கிடைக்குது, ஏர் ஃபில்டர் பைப்புக்குள்ள மாட்டினா போதும்னு போட்டிருக்கு. என் மச்சான் அதெல்லாம் வேணாம், கம்ப்யூட்டர்ல தூசி ஊதற ஹேண்ட் ப்ளோயரை இன்வெர்டர் போட்டு ஓட்டிடலாம்ங்கறான். எது சரியா வரும்? – வாசகர், அல்சூர்

பதில்: ரெண்டுமே சரியா வராது. ஆனா எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்ங்கறதே பொய்யின்னு நினைச்சு விட்டுடாதீங்க, அது நிஜம், நல்லா வேலை செய்யற விஷயம். எவ்வளவு வாட் வேணும்னு மொதல்ல கணக்கு போடணும், அங்கதான் எல்லாரும் வழுக்கறாங்க.

ஸ்டார்ம்ல இருக்கறது ரெனோவோட 1149 சிசி இன்ஜின், சுமார் 60 குதிரை. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் முழுசா காத்து இழுக்கும், அப்ப 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 3450 லிட்டர், முழுசா ரொம்பாதுன்னு கழிச்சா 2900 லிட்டர், அதாவது செகண்டுக்கு கிட்டத்தட்ட 50 லிட்டர் காத்து. இந்த 50 லிட்டரை சும்மா நகத்தினா பத்தாது, இன்ஜின் தானா இழுக்கறதுக்கு மேல அழுத்தி உள்ள தள்ளணும். அந்த அழுத்தறதுக்குத்தான் பவர் தேவை. ஒரு சின்ன பூஸ்ட் (அப்படி கூடுதலா ஏத்தற அழுத்தம்), 10 கிலோபாஸ்கல், பிஎஸ்ஐ கணக்குல ஒன்றரை, அதுக்கே கம்ப்ரெசரோட ஷாஃப்ட்ல 900 வாட்டுக்கு மேல வேணும், மோட்டார்லயும் கன்ட்ரோலர்லயும் போற நஷ்டத்தை சேத்தா பேட்டரியில இருந்து 1150 வாட்டாவது எடுக்கணும். நீங்க சொல்ற ஆன்லைன் ஃபேன் 5 ஆம்ப் இழுக்குதுன்னு வெச்சுக்குங்க, 12ஐ 5ஆல பெருக்குங்க, 60 வாட். விசிறியால வீசி லாரி டயருக்கு காத்தடிக்கற கதைதான். அதுமட்டும் இல்ல, ஃபுல் த்ராட்டில்ல அந்த ஃபேனோட இலையும் மோட்டாரும் பைப்புக்குள்ள குறுக்க நிக்குது, இன்ஜின் இழுக்கற காத்தை அதுவே தடுக்கும். இருந்த பவரும் கொஞ்சம் போயிடும்.

என் பேச்சை நம்ப வேணாம், நீங்களே டெஸ்ட் பண்ணி பாத்துடலாம், அம்பது நூறு ரூபாய் செலவுதான். ரெண்டரை மீட்டர் டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் வாங்கி யூ மாதிரி வளைச்சு ஒரு பலகையில நிக்க வெச்சு கட்டுங்க, பாதி வரைக்கும் தண்ணி ஊத்தி அதுல கொஞ்சம் இங்க் கலந்துடுங்க. ஃபேனோட வாயை ஒரு பிளாஸ்டிக் மூடியால இறுக்கமா அடைச்சு, மூடியில ஓட்டை போட்டு ஹோஸோட ஒரு முனையை சொருகுங்க. இப்ப ஃபேனை ஓட விடுங்க. 10 கிலோபாஸ்கல்னா ரெண்டு பக்க தண்ணிக்கும் நடுவுல ஒரு மீட்டர் வித்தியாசம் வரணும். இந்த மாதிரி ஃபேனை ஒர்க்பெஞ்ச் மேல வெச்சு ஓட்டி பாத்திருக்கேன், தண்ணி லேசா நடுங்கி ஒரு விரல் அகலம் ஏறும், அங்கயே நின்னுடும். அதுவும் வாயை முழுசா அடைச்சு வெச்சா வர்ற அழுத்தம், செகண்டுக்கு 50 லிட்டர் காத்து ஓடும்போது அந்த விரல் அகலமும் இருக்காது.

மச்சான் சொன்ன ஹேண்ட் ப்ளோயர் அதைவிட எவ்வளவோ மேல், உள்ள இருக்கறது சென்ட்ரிஃபியூகல் இம்பெல்லர், 500, 600 வாட் மோட்டார். மூடி வெச்சு டெஸ்ட் பண்ணினா தண்ணி நல்லாவே ஏறும். ஆனா 600 வாட்டே மோட்டார் உள்ள வாங்கறதுதான், காத்துக்கு போய் சேர்றது அதுல பாதி, நமக்கு வேணும்ங்கறது 1150. அதோட 230 வோல்ட்டை இன்ஜின் பே சூட்டுலயும் மழைத்தண்ணியிலயும் ஓட்டறது உயிரோட விளையாடற வேலை. மச்சானுக்கு யோசனை ஓடுது, நல்ல விஷயம், ஆனா இதை வேணாம்னு சொல்லிடுங்க.

அப்ப என்ன பண்ணலாம்? இங்க பெங்களூர்க்காரங்களுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, இதை யாரும் யோசிக்கறதே இல்ல. நம்ம ஊர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 920 மீட்டர் உயரம். சென்னையில காத்தழுத்தம் 101 கிலோபாஸ்கல்னா இங்க 91 கிட்டதான். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் இங்க வந்ததுமே பத்துல ஒரு பங்கு பவரை இழந்துடுது. உங்க 60 குதிரை இங்க 54தான். நந்தி ஹில்ஸ் மேல ஏறினா, 1478 மீட்டர், அழுத்தம் 85க்கு வந்துடும், இன்னும் போகும். அப்ப மொதல் இலக்கா அந்த காணாம போன 10 கிலோபாஸ்கலை மட்டும் திருப்பி குடுங்க. இன்ஜினைப் பொறுத்தவரை அது சென்னையில ஓடற மாதிரி, அவ்வளவுதான். எம்ஏபி சென்சர் (உள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது), இன்ஜெக்டர், இசியூல (இன்ஜின் கம்ப்யூட்டர்ல) இருக்கற மேப், பிஸ்டன், கேஸ்கெட் எல்லாமே கடல் மட்டத்துல ஓடறதுக்குன்னு கம்பெனி போட்டதுதானே, எதையும் அதோட எல்லைக்கு வெளிய தள்ளல. சென்னையில ஓடினா எவ்வளவு பெட்ரோல் போடுமோ அதை இசியூ தானா போட்டுக்கும். இந்த சவுகரியம் கடலோர ஊர்க்காரனுக்கு கிடையாது.

லாபம் எவ்வளவுன்னும் சொல்லிடறேன். காத்தை அழுத்தினா சூடாகும், இந்த அளவுக்கு ஒரு 15, 16 டிகிரி ஏறும், சூடான காத்து கனம் கம்மி, அதனால 54 இருந்தது 60 ஆகாது, 57 கிட்ட வரும். ரொம்ப கம்மியா இருக்கேன்னு தோணும். ஆனா பைப், பைபாஸ், மோட்டார் கன்ட்ரோல், வயரிங்னு மொத்த வித்தையையும் இன்ஜினுக்கு ஆபத்து இல்லாம கத்துக்கற இடம் இதுதான். அது ஒழுங்கா ஓடின பிறகு 30 கிலோபாஸ்கலுக்கு போங்க, இன்டர்கூலரோட (அழுத்தின காத்தை ஆற வைக்கற ரேடியேட்டர்) 54 இருந்தது 68, 70 கிட்ட வர வாய்ப்பிருக்கு. ஸ்டார்ம் ஃபைபர் பாடி, லேசான வண்டி, அதுல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

கேள்வி: மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கறேன். புராஜெக்டுக்கு எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் எடுத்திருக்கோம். பழைய லாரி டர்போவை வாங்கி டர்பைன் பக்கத்தை கழட்டிட்டு, கம்ப்ரெசர் பக்கத்துல டிரோன் மோட்டார் மாட்டலாம்னு பிளான். ஆடியில வர்றதும் இதே தானே சார்? – மாணவர், ஜீவன் பீமா நகர்

பதில்: தம்பி, ஆடியில வர்றது இதே தத்துவம்தான். 2016ல வந்த எஸ்க்யூ7 டீசல்ல ரெண்டு சாதாரண டர்போவோட சேத்து ஒரு எலக்ட்ரிக் கம்ப்ரெசர் வெச்சாங்க, 48 வோல்ட், 7 கிலோவாட், கால் செகண்டுக்குள்ள 70,000 ஆர்பிஎம் போயிடும். மெர்சிடிஸும் அவங்களோட எம்256 ஆறு சிலிண்டர் இன்ஜின்ல 48 வோல்ட் எலக்ட்ரிக் கம்ப்ரெசர் வெச்சாங்க. நீ கவனிக்க வேண்டிய நம்பர் அந்த 70,000. சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரெசர் அழுத்தம் குடுக்கறது அதோட வீல் நுனி எவ்வளவு வேகமா போகுதுங்கறதை வெச்சுத்தான். 30 கிலோபாஸ்கல் பூஸ்டுக்கு நுனி வேகம் செகண்டுக்கு 240 மீட்டர் கிட்ட வேணும். 60 மில்லிமீட்டர் வீல்னா அது சுமார் 76,000 ஆர்பிஎம். 40 மில்லிமீட்டர்னா ஒரு லட்சத்தை தாண்டிடும். லாரி டர்போல வீல் பெருசு, 80 மில்லிமீட்டர்னு வெச்சாலும் 57,000 வேணும், அதுல இன்னொரு சிக்கல், பெரிய லாரி இன்ஜினுக்குன்னு செஞ்ச கம்ப்ரெசர் உங்க சின்ன இன்ஜின் இழுக்கற கொஞ்சம் காத்துல சர்ஜ் ஆகும், காத்து முன்னும் பின்னும் அடிச்சு டப்டப்னு சத்தம் வரும், பேரிங் போயிடும். இவ்வளவு பவர் குடுக்கற பெரிய டிரோன் மோட்டார் 57,000 போகாது. கியர் போட்டு ஏத்தலாம்னா அந்த வேகத்துல சாதாரண கியர் தாங்காது, டென்மார்க்ல இருக்கற ரோட்ரெக்ஸ் கம்பெனி பல்லே இல்லாத உருளைகளை வெச்சு, அதுக்குன்னு தனி ஆயில் ஊத்தி இதை சாதிச்சிருக்காங்க, காலேஜ் லேத்துல அது வராது. எல்லாத்துக்கும் மேல, அந்த வேகத்துல வீல் உடைஞ்சா அது தோட்டா. தற்காலிகமா ஏதோ ஒரு கேசிங்ல வெச்சு ஓட்டிட்டு பக்கத்துல நீங்க நிக்கறதை நினைச்சாலே எனக்கு வயித்தை கலக்குது. வேணாம்ப்பா.

வேற வழி இருக்கு. ரூட்ஸ் டைப் ப்ளோயர் எடுங்க. இது ஒரு சுத்துக்கு இவ்வளவு காத்துன்னு அள்ளி தள்ளற டைப், அதனால மெதுவா சுத்தினாலே போதும். ஐசின் ஏஎம்ஆர்500ன்னு ஜப்பான் சின்ன கார்களுக்கு வந்தது ஒண்ணு இருக்கு, பேர்லயே இருக்கற மாதிரி ஒரு சுத்துக்கு 500 சிசி. ஈட்டன் எம்45, பழைய மினி கூப்பர் எஸ்ல இருந்தது, அது சுத்துக்கு 740 சிசி கிட்ட. மேல சொன்ன 1149 சிசி இன்ஜினுக்கு 30 கிலோபாஸ்கல் பூஸ்டுன்னா 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 3700 லிட்டர் வேணும், லீக்கேஜ் கழிச்சு பாத்தா ஏஎம்ஆர்500 சுமார் 8,600 ஆர்பிஎம்ல சுத்தணும், எம்45ன்னா 6,000 கூட தாண்டாது. இந்த வேகத்துக்கு மோட்டார் ஷாஃப்டை நேரா கப்ளிங் போட்டு மாட்டிடலாம். எஸ்பி ரோட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல பெரிய மாடல் ஏரோபிளேனுக்குன்னு வர்ற பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) அவுட்ரன்னர் மோட்டார் கேளுங்க, அதுல கேவின்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, ஒரு வோல்ட்டுக்கு லோடு இல்லாம எத்தனை ஆர்பிஎம்னு அர்த்தம். 48 வோல்ட்ல 8,600 லோடோட வேணும்னா கேவி 200ல இருந்து 220க்குள்ள இருக்கற மாதிரி பாத்துக்குங்க. ரூட்ஸ் ப்ளோயர் திறமை கொஞ்சம் கம்மி, ஷாஃப்ட்ல 3.3 கிலோவாட் கேக்கும், டார்க் 3.7 நியூட்டன் மீட்டர், 75, 80 ஆம்ப் இழுக்கும். கன்ட்ரோலர் 150 ஆம்புக்கு கீழ வாங்காதீங்க.

இதுல முக்கியமான ரெண்டு விஷயத்தை விட்டுட்டா புராஜெக்ட் படுத்துடும். ஒண்ணு, ரூட்ஸ் ப்ளோயர் நிக்கும்போது காத்துப்பாதை அடைபட்டுடும், அதனால பைபாஸ் ஃபிளாப் கட்டாயம். மோட்டார் ஓடாத நேரத்துல இன்ஜின் அந்த வழியா சாதாரணமா மூச்சு விடணும், ப்ளோயர் அழுத்தம் குடுக்க ஆரம்பிச்சதும் ஃபிளாப் தானா மூடணும். சாதாரண ஸ்பிரிங் வெச்ச ஒன்-வே ஃபிளாப் போதும். ரெண்டாவது, 3000 ஆர்பிஎம்ல இன்ஜின் குடிக்கற காத்து பாதிதான், ஆனா மோட்டார் ஃபுல் ஸ்பீடுல ஓடினா ப்ளோயர் அதே அளவு காத்தை திணிச்சுக்கிட்டே இருக்கும், பூஸ்ட் எகிறி இன்ஜினை பதம் பாத்துடும். அதனால மோட்டார் வேகம் இன்ஜின் ஆர்பிஎம் கூடவே ஏறி இறங்கணும். ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர்ல இன்ஜின் ஆர்பிஎம், த்ராட்டில் பொசிஷன், பூஸ்ட் பிரஷர் மூணையும் படிச்சு கன்ட்ரோலருக்கு சிக்னல் குடுங்க, அதையும் நம்பாம பைப்ல ஒரு மெக்கானிக்கல் ரிலீஃப் வால்வும் வெச்சுடுங்க. உங்க புராஜெக்டோட நிஜமான இன்ஜினியரிங் இந்த கன்ட்ரோல்லதான் இருக்கு, வைவால இதை எடுத்து பேசுங்க, எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உக்காருவாரு. கப்ளிங்கும் மவுண்ட் பிளேட்டும் பீன்யால எந்த சிஎன்சி கடையில குடுத்தாலும் செஞ்சு தருவாங்க, ரெண்டு ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கணும்னு டிராயிங்ல தெளிவா எழுதி குடுங்க, வாயால சொல்லிட்டு வராதீங்க.

கேள்வி: கார்லதான் ஆல்டர்னேட்டர் இருக்கே, அதுல இருந்தே கரண்ட் எடுத்தா தனி பேட்டரி எதுக்கு? அப்படியே வேணும்னாலும் பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி ஒண்ணு கிடைக்குது, போடலாமா? – வாசகர், எச்எஸ்ஆர் லேஅவுட்

பதில்: சின்ன கார் ஆல்டர்னேட்டர் 60, 70 ஆம்ப்தான் குடுக்கும், 14 வோல்ட்ல அது ஆயிரம் வாட்டுக்குள்ள. அதுலயே ஹெட்லைட், ஃபேன், இசியூ, ஃபியூயல் பம்ப் எல்லாம் ஓடணும். மேல சொன்ன 30 கிலோபாஸ்கல் பூஸ்டுக்கு நமக்கு 4 கிலோவாட் வேணும். 12 வோல்ட்லயே எடுத்தா 330 ஆம்ப், ஸ்டார்ட்டர் மோட்டார் கேபிளை விட தடியா இழுக்கணும், அதுலயே வோல்டேஜ் விழுந்துடும். 48 வோல்ட்டுக்கு போனா 80 ஆம்ப், கேபிளும் கையாளற அளவுல இருக்கும். பெரிய கம்பெனிங்க 48 வோல்ட்டை புடிச்சதும் இதுக்காகத்தான்.

ஆனா பூஸ்ட் எந்நேரமும் வேணுமா சொல்லுங்க. சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்கும்போது எதுக்கு? ஓவர்டேக்குக்கு 6 செகண்ட், மேடு ஏற 10 செகண்ட். 4 கிலோவாட்டை 10 செகண்ட் ஓட்டினா 11 வாட்-அவர்தான் செலவு. 51 வோல்ட் 20 ஆம்ப்-அவர் பேக்ல ஆயிரம் வாட்-அவர் இருக்கு, தாராளம். பேக் எவ்வளவு பெருசுங்கறதை விட ஒரே நேரத்துல 80 ஆம்ப் குடுக்குமாங்கறதுதான் கேள்வி, 20 ஆம்ப்-அவர் செல்லுக்கு அது 4சி (கொள்ளளவைப் போல நாலு மடங்கு கரண்ட்), டேட்டாஷீட்ல அது தாங்கும்னு எழுதியிருந்தாதான் வாங்கணும். 16 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் சீரிஸ்ல, நல்ல பிஎம்எஸ் (செல்களை கண்காணிச்சு காப்பாத்தற போர்டு), இதை நான் சிபாரிசு பண்றேன், சூட்டுக்கும் அடிக்கும் மத்த லித்தியம் செல்லை விட இது நிதானமான ரகம். 12ல இருந்து 58 வோல்ட்டுக்கு ஏத்தற டிசி-டிசி சார்ஜர் 350 வாட்ல ஒண்ணு போட்டா, ஒரு நிமிஷம் பூஸ்ட் யூஸ் பண்ணினதை பத்து பன்னெண்டு நிமிஷத்துல திருப்பி ஏத்திடும்.

பழைய ஸ்கூட்டர் பேக் வேணாம். அதோட பிஎம்எஸ் அந்த ஸ்கூட்டர் கன்ட்ரோலர் கூடத்தான் பேசும், அதை ஏமாத்தறதுக்கு பேக்கை பிரிப்பீங்க, உள்ள எந்த செல் தேஞ்சிருக்குன்னு தெரியாது. காசு மிச்சம்னு ஆரம்பிச்சு கடைசில கையைக் கடிக்கும். பேட்டரியை சீட்டுக்கு பின்னாடியோ டிக்கியிலயோ மெட்டல் பெட்டியில போல்ட் போட்டு வைங்க, இன்ஜின் பேல வேணவே வேணாம். டிசி-ன்னு எழுதியிருக்கற ஃப்யூஸ், டிசி கான்டாக்டர் மட்டும்தான் வாங்கணும், வீட்டு எம்சிபி 48 வோல்ட் டிசி ஆர்க்கை (தொடர்ந்து எரியற தீப்பொறியை) நிறுத்தும்னு நம்பிடாதீங்க. ஸ்டார்ம் மாதிரி ஃபைபர் பாடி வண்டி வெச்சிருக்கறவங்க இன்னொண்ணு கவனிங்க, பாடியில எர்த் எடுக்க முடியாது, நெகட்டிவுக்கும் அதே தடிமன்ல தனி கேபிள் பேட்டரி வரைக்கும் ஓடணும்.

கேள்வி: நான் மெக்கானிக். கஸ்டமர் ஒருத்தர் இந்த மாதிரி செட்டப் கொண்டாந்து மாட்ட சொல்றாரு, 30 கிலோபாஸ்கல் வேணுமாம். இன்ஜின் பக்கம் நான் என்ன பாக்கணும்? – வாசகர், வில்சன் கார்டன்

பதில்: அண்ணே, அவர்கிட்ட மொதல்ல கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்கு சம்மதம் வாங்குங்க. நாலு சிலிண்டரும் சமமா இல்லேன்னா வேலையை தொடாதீங்க.

பெங்களூர்ல 10 கிலோபாஸ்கல் வரைக்கும்தான் ஒரிஜினல் எம்ஏபி சென்சர் தாங்கும், 30ன்னா சென்சர் மேல முட்டி நின்னுடும், இசியூவுக்கு மேற்கொண்டு காத்து வர்றதே தெரியாது, பெட்ரோல் பத்தாம லீனா ஓடி பிஸ்டன் உருகிடும். அதனால 2 பார் எம்ஏபி சென்சர், புரோகிராம் பண்ற மாதிரி இசியூ அல்லது பிக்கிபேக் (ஒரிஜினல் இசியூவோட சேத்து மாட்டற குட்டி கம்ப்யூட்டர்), பெரிய இன்ஜெக்டர், வைட்பேண்ட் ஓ2 கேஜ் (புகையில ஆக்சிஜனை அளக்கறது), இந்த நாலும் அவர் வாங்கித்தான் ஆகணும். இக்னிஷன் டைமிங்கை பூஸ்ட் வர்ற இடத்துல பின்னாடி இழுக்கணும். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல் இ20, அதுல எத்தனால் இருக்கறதால நாக்கிங்கை (பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கறதை) தடுக்க கொஞ்சம் நல்லது, ஆனா அதே பவருக்கு கூடுதல் பெட்ரோல் போகணும், இன்ஜெக்டர் கணக்குல அதையும் சேத்துக்குங்க. பழைய வண்டினா ஃபியூயல் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் எத்தனாலுக்கு தாங்கறதா மாத்திடுங்க, மலிவான வேலை, தள்ளிப் போட வேணாம். டியூன் பண்ற நாள்ல எக்ஸ்பி95 (95 ஆக்டேன் பெட்ரோல்) ஊத்திட்டு ஆரம்பிங்க.

நிறைய பேர் மறக்கறது பிசிவி, கிராங்க்கேஸ் புகையை இன்டேக்குக்கு திருப்பி விடற வால்வு. இன்டேக் மேனிஃபோல்டுல எப்பவும் வேக்கம்தான்னு நினைச்சு டிசைன் பண்ணது அது, இப்ப பூஸ்ட் வந்தா காத்து கிராங்க்கேஸுக்குள்ள போய் ஆயில் சீல் வழியா ஆயிலை வெளிய தள்ளும். நல்ல செக் வால்வு போடுங்க, சார்கோல் கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியை பிடிக்கற டப்பா) லைன்லயும் ஒண்ணு. பிரேக் பூஸ்டர் ஹோஸ்ல செக் வால்வு ஏற்கனவே இருக்கும், அது வேலை செய்யுதான்னு வாயால ஊதிப் பாத்துடுங்க, பிரேக் விஷயம். பிளக் கேப்பை கொஞ்சம் குறைங்க. 30 கிலோபாஸ்கல்ல காத்து 40 டிகிரி கிட்ட சூடேறும், இன்டர்கூலர் இல்லாம செஞ்சு தர மாட்டேன்னு கறாரா சொல்லிடுங்க.

கேள்வி: என் மகன் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல கார்ல ஏதோ சூப்பர்சார்ஜர் பண்றேன்னு ராத்திரி பகலா உக்காந்திருக்கான். பேட்டரியை அவன் ரூம்லயே கட்டிலுக்கு கீழ வெச்சு சார்ஜ் போடறான். தடுக்கவா விடவா தெரியல. – ஒரு தாய், ஆஸ்டின் டவுன்

பதில்: அம்மா, பையன் செய்யற வேலையை தடுக்காதீங்க, இந்த வயசுல கையால ஒண்ணு செஞ்சு பாக்கணும்ங்கற ஆசை பெரிய விஷயம். ஆனா அந்த கட்டிலுக்கு கீழ இருக்கற பேட்டரியை இன்னைக்கு ராத்திரிக்குள்ள வெளிய எடுக்க வைங்க, இதுல சமாதானமே வேணாம். வீட்ல கட்டின லித்தியம் பேக் தீப்பிடிச்சா ஒரு பக்கெட் தண்ணியில அணையற தீ இல்ல, வர்ற புகையே விஷம், தூக்கத்துல எழுந்திரிக்க நேரம் குடுக்காது. சார்ஜ் போடறது பால்கனியில, சிமெண்ட் தரை மேல, பக்கத்துல துணி அட்டைப்பெட்டி எதுவும் இல்லாம, அவன் முழிச்சு பக்கத்துல இருக்கும்போது மட்டும். கேட்டை தாண்டற வழியிலயோ வாசக்கதவு பக்கத்துலயோ வேணாம், ஏதாவதுன்னா வெளிய ஓடற வழி அடைபடும்.

அவன்கிட்ட இன்னும் மூணு விஷயம் கேளுங்க, அவனுக்கே புரியும். மோட்டார் ஓட்டி டெஸ்ட் பண்ணும்போது கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போடறியா, ப்ளோயர் வாயில வலை போட்டிருக்கியா, எல்லா கரண்டையும் ஒரே அடியில நிறுத்தற சிவப்பு ஸ்விட்ச் கைக்கு எட்டற இடத்துல இருக்கா. ரூட்ஸ் ப்ளோயர் வாயில விரல் போனா விரல் திரும்ப வராது, அதை சும்மா பயமுறுத்த சொல்லல. கையில வளையம், மோதிரம், மெட்டல் வாட்ச் எதுவும் போட்டுக்கிட்டு பேட்டரி டெர்மினலை தொடக்கூடாது. பேஸ்மென்ட்ல கார் இன்ஜினை ஓட்டி டெஸ்ட் பண்றதும் கூடாது, புகை தேங்கிடும், வெளிய எடுத்து ஓட்டட்டும்.

கேள்வி: இதெல்லாம் செஞ்சா ஆர்டிஓ என்ன சொல்லும்? – வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: ரோட்ல ஓட்ட கூடாதுன்னு சொல்லும். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சியில இருக்கற விவரத்துக்கு மாறா, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தற மாதிரி எதையும் அனுமதி இல்லாம செய்ய முடியாது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்தி சொல்லிடுச்சு. 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. அதை விட பெரிய தலைவலி, விபத்து ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை தட்டிக் கழிக்க இது ஒண்ணே போதும், மூணாவது மனுஷனுக்கு அடிபட்டா நஷ்டஈடு உங்க தலையில விழலாம். அதனால இதை டிராக் வண்டிக்குன்னு வெச்சுக்குங்க. கோயம்புத்தூர் காரி ரேஸ் டிராக், சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ரெண்டு இடத்துலயும் டிராக் டே நடக்கும், டிரெய்லர்ல ஏத்திட்டு போங்க. ரெண்டுமே பெங்களூரை விட தாழ்வான ஊர், அங்க காத்து அடர்த்தி, இங்க செட் பண்ண பூஸ்ட் டேபிளை அங்க குறைச்சுட்டுதான் ஓட்டணும்னு ஞாபகம் வெச்சுக்குங்க.

கேள்வி: என்கிட்ட ஸ்போர்ட்ஸ் கார் இல்ல, ஸ்விஃப்ட் டிடிஐஎஸ் 1.3 தான். 2000 ஆர்பிஎம்க்கு கீழ உயிரே இல்ல, டர்போ முழிக்கற வரைக்கும் காத்திருக்கணும். எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் எனக்கு எதுக்காவது உதவுமா? – வாசகர், விவேக் நகர்

பதில்: இந்த கேள்வியை கடைசியில வெச்சாலும் எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இதுதான். ஆடி எஸ்க்யூ7ல எலக்ட்ரிக் கம்ப்ரெசரை வெச்சதே நீங்க சொல்ற அந்த ஓட்டையை அடைக்கத்தான், மொத்த பவரை ஏத்தறதுக்கு இல்ல. டர்போ முழிக்கற வரைக்கும் அது காத்து குடுக்கும், டர்போ வந்ததும் பைபாஸ் திறந்து ஒதுங்கிடும்.

கணக்கு உங்க பக்கம் சாதகமா இருக்கு பாருங்க. 1248 சிசி இன்ஜின் 1500 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 13 லிட்டர் காத்துதான் குடிக்கும், அல்சூர்க்காரர் ஸ்டார்ம் 6000ல குடிக்கற 50 லிட்டர்ல கால்வாசி. அதை 30 சதவீதம் அழுத்தறதுக்கு ஷாஃப்ட்ல 700 வாட் போதும், பேட்டரியில இருந்து 900 கிட்ட. அதுவும் ரெண்டு மூணு செகண்டுக்கு மட்டும். 12 வோல்ட்லயே 75 ஆம்ப், கார் பேட்டரியே அதை தாங்கும், தனி 48 வோல்ட் பேக் கூட தேவைப்படாது. டீசல் இன்ஜின்ல நாக்கிங் பயமும் இல்ல, இசியூ வர்ற காத்தை அளந்து அதுக்கு ஏத்தபடி டீசல் விடும். ப்ளோயரை ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல வைங்க, பைபாஸ் ஃபிளாப் டர்போ ஃபுல்லா இழுக்கும்போது குறையில்லாம திறக்கற அளவுக்கு பெருசா இருக்கணும், இல்லேன்னா மேல் ஆர்பிஎம்ல இருந்த பவரை இழப்பீங்க. ஏர்ஃப்ளோ சென்சர் ப்ளோயருக்கு முன்னாடி, ஃபில்டர் பக்கத்துலயே இருக்கட்டும். சின்ன ரூட்ஸ் ப்ளோயர், ஐசின்லயே ஏஎம்ஆர்300ன்னு 300 சிசில ஒண்ணு உண்டு, 13 லிட்டருக்கு அது மூவாயிரம் நாலாயிரம் ஆர்பிஎம்ல சுத்தினா போதும். சட்டம் உங்களுக்கும் அதேதான், அதனால வேலைக்கு தினம் போற வண்டியில கை வைக்காம, காசு இருந்தா பழைய டிடிஐஎஸ் இன்ஜின் ஒண்ணை ஸ்டாண்டுல ஏத்தி அதுல செஞ்சு பாருங்க, ஷிவாஜி நகர் பழைய பார்ட்ஸ் கடைகள்லயும் ஜேசி ரோட்லயும் தேடினா இன்ஜின் கிடைக்கும். பூஸ்ட் கேஜ் ரீடிங்கோட எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்லயே போடறேன்.